வாசகர் கேள்வி - பதில்: ‘எவின்’னா உன் வீடா, வீட்டோடதா?

போன இதழ்ல துருக்கிக்குப் படிக்கப் போற நம்ம மொரிஷியஸ் பிள்ளைங்களைப் பத்தி ரெண்டு வரி எழுதினேன், நான் ஜவுளி வேலையா இஸ்தான்புல்ல கொஞ்ச காலம் இருந்தவன்னும் சொன்னேன், அவ்வளவுதான், இந்த மாசம் வந்த கேள்வியில பாதி துருக்கி மொழி இலக்கணம். ரொம்ப சந்தோஷம். மத்த கேள்விகளை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சுட்டு இதையே எடுத்துக்கிறேன்.

கேள்வி (ரோஸ் ஹில் வாசகி): என் மக அங்காராவுல இருக்கா. காலேஜ் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் மொழி படிக்கணுமாம். போன வாரம் போன் பண்ணி ஒரே அழுகை. ‘எவி’ன்னா ஒரு இடத்துல ‘வீட்டை’ங்கறாங்க, இன்னொரு இடத்துல ‘அவன் வீடு’ங்கறாங்க, ‘எவின்’ன்னா ‘உன் வீடு’ன்னும் வருது ‘வீட்டோட’ன்னும் வருது, எனக்கு இது மண்டையில ஏறவே ஏறாதும்மான்னு சொல்றா. நான் அவளுக்கு சின்ன வயசுலேயே வீட்டுல தமிழ் சொல்லிக் குடுத்திருக்கேன். அதை வெச்சு ஏதாவது உதவி பண்ண முடியுமா?

பதில்: தாராளமா முடியும் அக்கா. மொதல்ல அவ கிட்ட சொல்லுங்க, அவ மேல தப்பு இல்ல, அந்த சொல்லு நெசமாவே ரெண்டு அர்த்தம் தர்ற சொல்லுதான், துருக்கிக்காரங்களே பக்கத்துல என்ன சொல்லு இருக்குன்னு பாத்துதான் புரிஞ்சுக்கறாங்க. ரெண்டாவது, வேற்றுமைங்கிற பாதிக் கிணத்தை அவ எப்பவோ தாண்டிட்டா, தமிழ் தெரிஞ்ச பிள்ளைக்கு அது புதுசே இல்ல.

துருக்கியில வீடு ‘எவ்’. ‘எவி’ன்னா வீட்டை, ‘எவெ’ன்னா வீட்டுக்கு, ‘எவ்தெ’ன்னா வீட்டுல, ‘எவ்தென்’னா வீட்டுல இருந்து, ‘எவின்’னா வீட்டோட. அவ்வளவுதான். இதுல ஒண்ணு கவனிங்க, தமிழ்ல ‘வீடு’ உருபு ஏறும்போது ‘வீட்டு’ன்னு மாறுது, மரம் ‘மரத்து’ன்னு மாறுது, அதை எல்லாம் நம்ம பிள்ளைங்க யாரும் சொல்லிக் குடுக்காமலே பழகிட்டாங்க. துருக்கியில ‘எவ்’ அப்படியே நிக்கும், பின்னாடி ஒட்டுறதுதான் மாறும். அந்த வகையில நம்ம மொழியை விட லேசு.

அங்க பள்ளிக்கூடத்துல இந்த வேற்றுமைகளுக்கு என்ன பேரு தெரியுமா, ‘இ ஹாலி, எ ஹாலி, தெ ஹாலி, தென் ஹாலி’. ஹால்னா நிலைமை. ‘தெ’ வர்ற நிலைமை, ‘தென்’ வர்ற நிலைமைன்னு உருபையே பேரா வெச்சிருக்காங்க. இதை நான் அங்க ஒரு சின்னப் பையன் பாடப் புத்தகத்துல பாத்தப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு, ஏன்னா நம்ம தொல்காப்பியம் செஞ்சதும் இதேதான், ஐ, ஒடு, கு, இன், அது, கண்னு உருபை வெச்சே வேற்றுமைக்கு பேரு.

இந்த ‘ஐ’ விஷயத்துல உங்க மகளுக்கு பெரிய லாபம் இருக்கு. ஐரோப்பாவுல இருந்து வந்து படிக்கிற பிள்ளைங்க திண்டாடுற இடம் இது. ‘கித்தாப் ஒக்குதும்’னா புத்தகம் படிச்சேன், ஏதோ ஒரு புத்தகம், படிக்கிற வேலைதான் முக்கியம். ‘கித்தாபு ஒக்குதும்’னா புத்தகத்தைப் படிச்சேன், உனக்கும் எனக்கும் தெரிஞ்ச அந்தப் புத்தகம். இந்த வித்தியாசத்தை தமிழ் பேசுறவங்களுக்கு விளக்கவே வேண்டாம். ‘தண்ணி குடிச்சேன்’, ‘தண்ணிய குடிச்சேன்’ ரெண்டும் ஒண்ணு இல்லன்னு நாலு வயசுப் பிள்ளைக்கு தெரியும். ஒரே ஒரு இடத்துல பிரியும், நாம ஆளைச் சொல்லும்போது பெரும்பாலும் ‘ஐ’ போட்டே ஆகணும், ‘ஒரு டாக்டரைத் தேடுறேன்’. துருக்கியில ஆளா பொருளாங்கிறது கணக்கே இல்ல, குறிப்பிட்ட ஆளா இல்லையாங்கிறதுதான் கணக்கு, யாராவது ஒரு டாக்டர் கெடச்சா போதும்னா உருபு இல்லாமலே ‘பிர் தொக்தொர்’. ஆனா யோசிச்சா நாமளும் ‘பொண்ணு பாக்கப் போறாங்க’ன்னுதான சொல்றோம், பொண்ணைன்னு சொல்றது இல்லையே.

எல்லா வினையும் ஒத்துப் போகும்னு மட்டும் நம்பிட வேண்டாம். நாம ‘என்னைப் பாரு’ன்னா அவங்க ‘பனா பாக்’, ‘எனக்குப் பாரு’ன்னு சொல்ற மாதிரி. நாம நாய்க்குப் பயப்படுறோம், அவங்க ‘கொப்பெக்தென்’, நாய்கிட்ட இருந்து பயப்படுறாங்க. இதையெல்லாம் வினையோட சேத்து மனப்பாடம்தான், வேற வழி கிடையாது.

இப்ப உங்க மக அழுத இடத்துக்கு வர்றேன். வேற்றுமை உருபு தவிர துருக்கியில இன்னொரு ஒட்டு இருக்கு, யாருடையதுன்னு சொல்ற ஒட்டு, அது பேர்ச்சொல்லுக்குள்ளேயே போய் உக்காந்துக்கும். எவிம், என் வீடு. எவின், உன் வீடு. எவி, அவன் வீடு, அவ வீடும் அதுதான், ஆண் பெண் பேதம் அந்த மொழியில கிடையாது. எவிமிஸ், எங்க வீடு, நம்ம வீடுக்கும் அதேதான். எவினிஸ், உங்க வீடு. எவ்லெரி, அவங்க வீடு. கடைசி ‘ஸ்’ எல்லாம் பிரெஞ்சுல ‘ஸேரோ’ன்னு சொல்லும்போது வர்ற மொத எழுத்து மாதிரி அதிரணும்.

தமிழ்ல இப்படி ஒட்டு கிடையாது, ‘என் வீடு’ன்னு தனியாத்தான் சொல்றோம்னு நெனைப்பீங்க. கொஞ்சம் பின்னாடி போங்க அக்கா. குறுந்தொகை 40வது பாட்டை எடுங்க, யாய், ஞாய், எந்தை, நுந்தை எல்லாம் அங்க இருக்கு. யாய்னா என் அம்மா, ஞாய்னா உன் அம்மா, தாய்னா அவன் அம்மா, அவ அம்மா. எந்தை என் அப்பா, நுந்தை உன் அப்பா, தந்தை அவனோட அப்பா. தம்பியும் அப்படித்தான், எம்பி என் தம்பி, உம்பி உன் தம்பி, தம்பி அவன் தம்பி. இன்னிக்கு ‘என் தம்பி’ன்னு சாதாரணமா சொல்றோமே, பழைய கணக்குப்படி அந்த தம்பிக்குள்ள ‘அவனோட’ங்கிறது ஒளிஞ்சிருக்கு. துருக்கியில அம்மா ‘அன்னெ’. அன்னெம் யாய், அன்னென் ஞாய், அன்னெஸி தாய். உங்க மகளுக்கு இதை இப்படியே சொல்லுங்க. தமிழ்ல அது சொல்லோட தலையில வந்துச்சு, சொந்தக்காரங்க பேருக்கு மட்டும் வந்துச்சு, அப்புறம் மறந்தும் போச்சு. துருக்கியில அது வால்ல வரும், வீடு கதவு செருப்பு எதுக்கும் வரும்.

சரி, குழப்பத்தை அவிழ்ப்போம். ‘எவின்’ வந்தா அதுக்கு அடுத்து வர்ற சொல்லைப் பாக்கச் சொல்லுங்க. ‘எவின் கப்புஸு’ன்னா வீட்டோட கதவு. கதவு ‘கப்பு’, அது வால்ல ‘ஸு’ வந்துடுச்சு, அந்த ‘ஸு’ன்னா ‘அதோட’. வீட்டோட, அதோட கதவு. ரெண்டு பக்கமும் முடிச்சு. இப்படி அடுத்த சொல்லுல முடிச்சு இருந்தா ‘எவின்’ வீட்டோட. முடிச்சு இல்லாம ‘எவின் குஸெல்’னு நின்னா உன் வீடு அழகா இருக்குன்னு அர்த்தம். ‘எவி’யும் அந்த மாதிரிதான், பின்னாடி பாத்தேன், வாங்கினேன், வித்தேன்னு வினை வந்து முன்னாடி ஆள் பேரு எதுவும் ஒட்டோட இல்லன்னா ‘வீட்டை’. முன்னாடி ஆள் பேரோ ‘ஒனுன்’னோ இருந்தா, அவனோட வீடு.

அவன் வீட்டுலன்னு சொல்லணும்னா எவி கூட தெ சேத்து ‘எவிதெ’ன்னு வராது, ‘எவிந்தெ’. நடுவுல ஒரு ‘ன்’ ஓடி வரும். இது எதுக்கு, என்ன அர்த்தம்னு கேக்கக் கூடாது, அது நம்ம சாரியை மாதிரி. நாம அது கூட ஐ சேத்தா ‘அதனை’ன்னு சொல்றோமே, நடுவுல ஒரு ‘அன்’ வருதே, அதுக்கு என்ன அர்த்தம். அவங்களுக்கும் ‘அது’ன்னா ‘ஒ’, அதை ‘ஒனு’, அதுக்கு ‘ஒனா’, அதுல ‘ஒந்தா’. இந்த ‘ன்’ அவன் வீடு, அது, இந்த மாதிரி படர்க்கை இடத்துலதான் வரும், என் வீட்டுலன்னா வெறும் ‘எவிம்தெ’தான்.

ஆனா ‘எவிந்தெ’ உன் வீட்டுலயும் ஆகும், எவின் கூட தெ. இதைப் பிரிக்க ஒட்டுல வழி கிடையாது, ‘செனின்’ போட்டா உன்னோட, ‘ஒனுன்’ போட்டா அவனோட. நான் இருந்த வீட்டுக்காரம்மா கிட்ட ஒரு தடவை உங்க வீட்டுக்கு வர்றேன்னு சொல்ல நெனச்சு ‘எவினெ’ன்னு சொன்னேன், அந்தம்மா ‘கிமின் எவினெ?’, யாரு வீட்டுக்குன்னு திருப்பிக் கேட்டாங்க. அவங்களை நீன்னு சொல்ற உரிமை எனக்கு இல்லைங்கிறதால அவங்க காதுல அது ‘அவன் வீட்டுக்கு’ன்னுதான் விழுந்திருக்கு. ‘எவினிஸெ’ன்னு சொல்லியிருக்கணும். அதுக்கப்புறம் எனக்கு அந்த இடம் தவறினதே இல்ல.

கேள்வி (கிராங் பே ஹோட்டல்ல ரிசெப்ஷன்ல வேலை பாக்கிற தம்பி): துருக்கிக்காரங்க வர்றாங்க, ரெண்டு மூணு வரி அவங்க மொழியில பேச ஆசை. ஆனா அந்த புள்ளி இல்லாத ‘இ’ எப்படி சொல்றதுன்னே தெரியல. மரியாதையா எப்படி பேசுறதுன்னும் சொல்லுங்க.

பதில்: தம்பி, அந்த புள்ளி இல்லாத எழுத்து உங்க வாயில தெனமும் வருது. காசு, பாக்கு, நாத்துன்னு சொல்லிப் பாருங்க. கடைசி ‘உ’வுக்கு உதடு குவியுதா? குவியாது. நம்ம குற்றியலுகரம் அதுதான், துருக்கி மொழியோட அந்த எழுத்தும் கிட்டத்தட்ட அதேதான். பிரெஞ்சு மட்டும் தெரிஞ்சவன் இந்த ஒலிக்கு தவிப்பான். அதே சமயம் ரெண்டு புள்ளி வெச்ச ‘உ’வும் ‘ஒ’வும் தமிழ்ல இல்ல, அது உங்களுக்கு பிரெஞ்சுல இருக்கு, தெருவுக்கு சொல்ற ‘ர்யூ’வுல வர்ற உயிர் ஒண்ணு, ரெண்டுக்கு சொல்ற ‘த்யோ’வுல வர்ற உயிர் இன்னொண்ணு. பிரெஞ்சுல இருந்து வந்த நம்ம ஊர் பேச்சு மொழி க்ரெயோல்ல அந்த ஒலிகள் போயிடுச்சு, ஆனா ஸ்கூல்ல பிரெஞ்சு படிச்ச வாய்க்கு வரும். ஆக தமிழும் பிரெஞ்சும் தெரிஞ்ச மொரிஷியஸ்காரனுக்கு துருக்கியோட 8 உயிரும் கையில இருக்கு. எழுத்தும் பழக்கமானதுதான், 1928ல அவங்க அரபு எழுத்தை விட்டுட்டு லத்தீன் எழுத்துக்கு மாறிட்டாங்க, மொத்தம் 29 எழுத்து, எழுதின மாதிரியே வாசிக்கலாம்.

மரியாதைக்கு ‘இனிஸ்’ ஒட்டைப் பிடிச்சுக்கங்க. உங்க பேரு என்ன, ‘அதுனுஸ் நெ?’. உங்க ரூம் ரெடி, ‘ஒதானுஸ் ஹாஸுர்’. உங்க பெட்டி, ‘பாவுலுனுஸ்’. எங்க ஹோட்டலுக்கு வாங்க வாங்கன்னு வரவேற்க ‘ஒதெலிமிஸெ ஹோஷ் கெல்தினிஸ்’. இந்த ‘ஒதெலிமிஸெ’வைப் பிரிச்சா ஒதெல், இமிஸ், எ. ஹோட்டல், எங்க, உக்கு. எப்பவும் இந்த வரிசைதான், சொல்லு, பன்மை இருந்தா பன்மை, யாருடையது, அப்புறம் வேற்றுமை. மாத்திப் போட முடியாது.

ஒரு ஒட்டு ஏன் ஒரு தடவை இனிஸ், இன்னொரு தடவை உனுஸ்னு வருதுன்னா அதுதான் உயிர் இசைவு. சொல்லோட கடைசி உயிர் எந்த ஜாதியோ ஒட்டும் அந்த ஜாதிக்கு மாறிக்கும். ‘ல’ங்கிற உருபுக்கு ரெண்டே வடிவம், அ, உ, ஒ, அந்தக் குற்றியலுகரம் இருந்தா ‘தா’, எ, இ, புள்ளி வெச்ச ரெண்டும் இருந்தா ‘தெ’. நம்ம ஊர் பேர வெச்சே பழகுங்க, நான் அப்படித்தான் பழகினேன். மோக்காவுலன்னா ‘மோக்கா-தா’. ரோஸ் ஹில்லுலன்னா ‘ரோஸ் ஹில்-தெ’. போர்ட் லூயியிலன்னா ‘தெ’, ஏன்னா எழுத்து எப்படி இருந்தாலும் காதுல விழுறது ‘இ’. மாஹேபூர்லன்னா ‘தா’. க்யூர்பிப்லன்னா கடைசியில வல்லெழுத்து ‘ப்’ இருக்கிறதால உருபோட தகரமும் அழுத்தமா, பத்துல வர்ற த மாதிரி, ‘க்யூர்பிப்-த்தெ’. சூயாக்லன்னா ‘சூயாக்-த்தா’. இப்படி அழுத்தம் வர வைக்கிற மெய்களை ஞாபகம் வெச்சுக்க அவங்க ஒரு ஆளையே படைச்சிருக்காங்க, ‘ஃபுஸ்துக்ச்சு ஷஹாப்’, பிஸ்தா விக்கிற ஷஹாப். அந்தப் பேருல இருக்கிற மெய் எல்லாம் அந்த மெய்கள். அங்க பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. உங்க ரிசெப்ஷன்ல ஒரு துருக்கிக் குடும்பத்துகிட்ட இந்தப் பேரை சொல்லிப் பாருங்க, பாதி சிநேகம் அங்கேயே ஆயிடும்.

கேள்வி (த்ரியோலே வாசகர்): துருக்கியில அம்மா ‘அன்னெ’, தமிழ்ல அன்னை. உருபு ஒட்டுறதும் நம்ம மாதிரியே. அப்போ துருக்கி மொழி தமிழ்ல இருந்து வந்ததுதானே? ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க?

பதில்: அண்ணே, ஆசையா கேட்டிருக்கீங்க, ஆனா இல்லைங்கிறதுதான் பதில். 1856ல கால்டுவெல் ஐயா திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் எழுதினப்ப அவரும் நம்ம மொழிக்குடும்பத்தை சிதியன்னு ஒரு பெரிய கூட்டத்துல, துருக்கி மாதிரி மொழிகளோட சேத்துத்தான் நெனச்சாரு. உருபு பின்னாடி ஒட்டுறது, வினை கடைசியில வர்றது, இதெல்லாம் அவருக்கும் கண்ணுல பட்டுச்சு. அந்தக் கருத்தை இன்னிக்கு மொழியியல்காரங்க ஏத்துக்கறது இல்ல. ஒட்டுற பழக்கம் சொந்தத்துக்கு சாட்சி ஆகாது, ஜப்பான் மொழியும் ஒட்டும், ஆப்பிரிக்காவுல ஸ்வாஹிலியும் ஒட்டும். சொந்தம்னு சொல்லணும்னா அடிப்படை சொற்கள்ல ஒலி ஒழுங்கா மாறி வர்றதைக் காட்டணும்.

அன்னெ விஷயத்தை சோதிச்சே பாக்கலாம். துருக்கி மொழிக் குடும்பத்துல ரொம்ப பழைய எழுத்து மங்கோலியாவுல ஓர்கோன் ஆத்துக்கிட்ட இருக்கிற கல்வெட்டுகள், அதுல கூல் தெகின் கல்வெட்டு 732ஆம் வருஷத்தது. அந்தக் கல்வெட்டுகள்ல ‘என் அம்மா’ங்கறதுக்கு வர்ற சொல்லு ‘ஒகும்’. ‘என் அப்பா’ ‘கங்கும்’. அன்னெயும் இல்ல, இன்னிக்கு அப்பாவுக்கு சொல்ற பாபாவும் இல்ல. அம்மா அப்பாவுக்கான சொற்கள் குழந்தை வாயில மொதல்ல வர்ற ம, ப, ன ஒலிகள்ல உலகம் முழுக்க மறுபடி மறுபடி பொறக்கும், ரெண்டு இடத்துல ஒண்ணா பொறந்தா ஆச்சரியம் இல்ல.

ஆனா அண்ணே, அந்த ரெண்டு சொல்லோட வாலைப் பாருங்க. ஒகும், கங்கும். அந்த ‘ம்’தான் ‘என்’. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சொல்லே மாறிப் போச்சு, ‘என்’னுங்கிற ஒட்டு 1,300 வருஷமா அசையல. இன்னிக்கு அன்னெம்ங்கிறாங்க. அதே குடும்பத்து உஸ்பெக் மொழியில வீடு ‘உய்’, என் வீடு ‘உயிம்’. கசாக்குலயும் அதே ‘ம்’தான். எனக்கு இதுதான் பெரிய அதிசயமா படுது, தமிழ்ல இருந்து வந்துச்சுன்னு சொன்னா கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வராது.

கேள்வி (மோக்கா பக்கம் தமிழ் சொல்லிக் குடுக்கிற ஆசிரியை): என் பிள்ளைங்க வீட்டுல க்ரெயோல் மட்டும்தான் பேசறாங்க. வேற்றுமை உருபு நடத்தினா கண்ணு மேல போயிடுது. க்ரெயோல்ல உருபே இல்லையே. இவங்க துருக்கி மாதிரி மொழியை எல்லாம் கனவுலயும் தொட முடியாதுன்னுதானே அர்த்தம்?

பதில்: டீச்சர், உங்க கடிதத்துக்காகத்தான் நான் இந்தப் பக்கத்தையே ஒதுக்கினேன். ‘க்ரெயோல்ல இல்ல’ன்னு நாம சின்ன வயசுல இருந்து கேட்டுக் கேட்டு நம்பிட்டோம். அந்த மொழியில இலக்கணமே இல்லன்னு என் காலத்து வாத்தியாருங்க சொல்லுவாங்க. 2012ல அது ப்ரைமரி ஸ்கூல்ல பாடமா வந்தப்பதான் நெறைய பேரு அதுல இலக்கணம் இருக்குன்னே ஒத்துக்கிட்டாங்க.

உங்க பிள்ளைங்க அப்பா வீட்டை எப்படி சொல்லுவாங்க? ‘மோ பாப்பா ஸோ லக்காஸ்’. என் அப்பா அவரோட வீடு. இந்த ‘ஸோ’வை கவனிங்க. தமிழ்ல அந்த இடத்துல ஒண்ணும் இல்ல, ‘எங்க அப்பாவோட வீடு’, முடிஞ்சுது. பிரெஞ்சுல, அப்பாவை மாத்திப் பின்னாடி போடணும், ‘ஸோ’ கிடையாது. துருக்கியில ‘பாபாமுன் எவி’. பாபா, ம், உன், எவ், இ. அப்பா, என், ஓட, வீடு, அவரோட. ரோஸ் ஹில் அக்காவோட மகளுக்காக சொன்னேனே, வீட்டுலயும் முடிச்சு கதவுலயும் முடிச்சுன்னு, அந்த ரெண்டாவது முடிச்சுதான் நம்ம ‘ஸோ’. தமிழ் அவளுக்கு மொத முடிச்சைக் குடுக்குது, க்ரெயோல் ரெண்டாவதைக் குடுக்குது. அவ வாயில ரெண்டும் பொறந்ததுல இருந்து இருக்கு.

இன்னும் ஒண்ணு. ‘மோ மாமா’ அன்னெம், ‘ஸோ மாமா’ அன்னெஸி. என் கார் ‘மோ லோட்டோ’ அரபாம், ‘ஸோ லோட்டோ’ அரபாஸு. மோவுக்கு ம், ஸோவுக்கு ஸு, ஸி. தற்செயல்தான், மேல த்ரியோலே அண்ணனுக்கு சொன்ன அதே எச்சரிக்கை இங்கேயும் உண்டு, ஆனா ஞாபகம் வெச்சுக்க இதை விட நல்ல கயிறு கெடைக்காது. உயிர்ல முடியற சொல்லுக்குத்தான் அந்த ‘ஸ’ வரும், எவ் மாதிரி மெய்யில முடிஞ்சா வெறும் ‘இ’தான்னு மட்டும் சேத்து சொல்லிடுங்க.

‘கித்தாபு’க்கும் ‘கித்தாப்’புக்கும் உள்ள வித்தியாசம் சொன்னேனே, அதுவும் க்ரெயோல்ல இருக்கு. ‘மோ பெ லிர் லீவ்’, புத்தகம் படிக்கிறேன். ‘மோ பெ லிர் லீவ்-லா’, அந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன். பின்னாடி வந்து ஒட்டுது பாருங்க. ‘என்கிட்ட கார் இருக்கு’ன்னா ‘மோ ஏனா லோட்டோ’, தண்ணி இருக்குன்னா ‘ஏனா டிலோ’, இல்லன்னா ‘பேனா’. துருக்கியில இருக்குக்கு ‘வார்’, இல்லைக்கு ‘யோக்’, ‘அரபாம் வார்’, என் கார் இருக்கு. பிரெஞ்சுலயும் இங்கிலீஷ்லயும் வெச்சிருக்கேன்னு சொல்ல ஒரு தனி வினை, பொருள் இருக்குன்னு சொல்ல வேற விதம். க்ரெயோல்லயும் துருக்கியிலயும் தமிழ்லயும் ஒரே சொல்லு ரெண்டு வேலையும் பாக்குது.

உருபு இல்லங்கிறது உண்மைதான், ஆனா உருபு செய்ற வேலை இருக்கு. ‘ல’ங்கிறதுக்கு க்ரெயோல்ல ‘டாங்’, அது முன்னாடி வரும், தமிழ் ‘ல’ பின்னாடி வரும், துருக்கி ‘தெ’யும் பின்னாடி வரும், அவ்வளவுதான் வித்தியாசம். ‘டாங் மோ பாப்பா ஸோ லக்காஸ்’, ‘பாபாமுன் எவிந்தெ’, ‘எங்க அப்பாவோட வீட்டுல’. மூணையும் போர்டுல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதுங்க டீச்சர், மோவையும் எங்கவையும் ம்மையும் ஒரே கலர் சாக்பீஸ்ல, டாங், ல, தெ வேற கலர்ல. கோடு போட்டு இழுக்கச் சொல்லுங்க. நாலாம் வேற்றுமை ஐந்தாம் வேற்றுமைன்னு பேரு எல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம், பிள்ளைங்க மொதல்ல அந்தக் கோட்டைப் பாக்கணும். இந்த மூணு மொழியும் அந்த வகுப்புல ஏற்கனவே பாதி இருக்குன்னு எனக்கு உறுதியா தெரியும்.

ஒரு கூட்டுச்சொல் விளையாட்டும் வெச்சுக்கலாம். குழந்தைங்களுக்கு வைத்தியம் பாக்கிற டாக்டர் ‘ச்சொஜுக் தொக்தொரு’, குழந்தை டாக்டர். இந்தக் குழந்தையோட டாக்டர் ‘ச்சொஜூவுன் தொக்தொரு’. மொத சொல்லுல ஓட இல்லன்னா வகை, இருந்தா சொந்தம், தமிழ்லயும் அதேதான். ஆனா ரெண்டுலயும் டாக்டர் வால்ல ‘உ’ இருக்கு, அதை விடவே மாட்டாங்க. நம்ம ப்ளேசான்ஸ் ஏர்போர்ட்டுக்கு வர்ற துருக்கி விமானத்துல அந்தக் கம்பெனி பேரு அவங்க மொழியில ‘துர்க் ஹவா யொல்லாரு’, துருக்கி ஆகாய வழிகள், கடைசி ‘உ’ அந்த வால்தான்.

கடைசியா, உங்க பிள்ளைங்க கிட்ட சைபீரியா பத்தி சொல்லுங்க. லேனா ஆத்துப் பக்கம், யாகூத்ஸ்க் நகரத்தைச் சுத்தி சாகா மக்கள் இருக்காங்க, அவங்க மொழியும் துருக்கிக் குடும்பம்தான், ஆனா ரொம்ப காலம் முன்னாடியே பிரிஞ்சு வடக்கே போயிடுச்சு. அந்த மொழியில ‘ஓட’ங்கிற வேற்றுமை அழிஞ்சே போச்சு. அப்பா சொல்லுல ஒண்ணும் ஒட்டாது, வீட்டுல மட்டும் ‘அவரோட’ன்னு ஒட்டும். என் அப்பாவோட வீடு, ‘அகம் ஜியெதெ’. ‘அகா’ அப்பா, அதுல ‘ம்’ மோ. ‘ஜியெ’ லக்காஸ், அதுல ‘தெ’ ஸோ. நம்ம அகம்னு நெனச்சு யாரும் மயங்கிட வேண்டாம், அது அப்பா. பனிக்காலத்துல மைனஸ் 40க்குக் கீழ போற ஊர்ல ஒரு பிள்ளை ‘அகம் ஜியெதெ’ன்னு சொல்றான், இங்க கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்துல உங்க வகுப்புப் பிள்ளை ‘மோ பாப்பா ஸோ லக்காஸ்’ங்கறான். முடிச்சு அச்சு அசலா அதே இடத்துல விழுது. போர்டுல நாலாவது வரியா இதையும் எழுதி, பிள்ளைங்க எந்தக் கோட்டை எங்க இழுத்தாங்கன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த மாசம் இங்கேயே போடுறேன்.